ஈரம் காயும் வரைக்கும்

பூனை எப்படிக் கத்தும் என்று கேட்டால் "மியாவ்" என்பாள். காக்கா எப்படிக் கத்தும் என்றால் "கா" என்பாள். அப்பா எப்படி வருவார் என்று கேட்டால், இரண்டு வயதுகூட நிரம்பாத அந்த வாண்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, உடம்பையே உலுக்கி, "லொக், லொக், லொக்" என்று இருமிக் காட்டுவாள்.

பார்த்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பனும் சிரித்தான். சிரித்த சிரிப்பில் அவனுக்கு நிஜ இருமலே வந்துவிட்டது. குழந்தை அவனைக் கூர்ந்து பார்த்து, தான் விட்டுவிட்ட ஒரு "லொக்"கையும் கடைசியில் சேர்த்துக்கொண்டது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

அந்த அப்பனை எல்லாரும் உச்சாணி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, தொழில் வைத்த பெயர். உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவர் பெயிண்ட் அடிக்கிறவன். மொட்டை மாடியிலிருந்து இரண்டு கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்து, மேலிருந்து அடித்துக்கொண்டே இறங்க வேண்டும். தரையில் நின்று கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிறவர்களை அவன் பெயிண்டர் என்றே சேர்த்துக்கொள்வதில்லை. "அதுக்கு எதுக்குப்பா பெயிண்டர்? என் பொண்ணு கையில பிரஷ்ஷைக் குடுத்தா அதுவே அடிச்சிடும்" என்பான்.

பலகையில் அவன் பக்கத்தில் உட்காருகிறவன் ஒட்டடை. வயசுப் பையன் மாதிரித் தெரிந்தாலும் கல்யாணம் ஆனவன். ஒட்டடைக் குச்சி மாதிரி ஆள். உடம்பில் சதை இல்லையே தவிர வாயில் பேச்சுக்குக் குறைவில்லை. சிகரெட்டில் மட்டும் இருவரும் சரிசமம்.

ஒரு நாள் ஆறாவது மாடி உயரத்தில் உச்சாணிக்கு இருமல் பிடித்தது. சாதாரண இருமல் இல்லை, அடிவயிற்றிலிருந்து கிளம்பிய இருமல். பலகை ஊஞ்சலானது. ஒட்டடை இரண்டு கையாலும் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பெயிண்ட் பக்கெட்டுக்குக் கை இல்லை, பாவம். அது போய்விட்டது. கீழே அப்போதுதான் துடைத்து நிறுத்தியிருந்த மேஸ்திரியின் வண்டி, சீட்டிலிருந்து சக்கரம் வரை மஞ்சளானது.

மேஸ்திரி அண்ணாந்து பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "இன்னொரு தடவை மேல இருமின, அப்புறம் கீழ வந்து கேட் அடி."

செய்தி உச்சாணிக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஒட்டடைதான் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். "அண்ணி, அண்ணன் இருமினா பலகை ஆடுது. பலகை ஆடினா எனக்கு ஈரக்குலையே ஆடுது. நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

சாயங்காலம் உச்சாணி உள்ளே நுழைந்ததும் மனைவி கேட்டாள்.

"ஏங்க, மேஸ்திரி கேட் அடிக்கச் சொன்னாராமே?"

"அவன் கிடக்கான். பக்கெட் வழுக்கிடுச்சு."

"வழுக்கலா, இருமலா?"

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்."

"கேட்டே அடிங்களேன். கால் தரையில இருக்கும். இவளைத் தூக்கிட்டு வந்து மத்தியானத்துல வேடிக்கை காட்டிட்டுப் போவேன்."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இப்படி அன்பாகச் சொன்னதுதான் முள்ளாகத் தைத்தது. பெற்ற பெண் பார்க்க அவன் கேட் அடிப்பதா? விருட்டென்று எழுந்தான்.

"இந்தா பாரு. இன்னையோட சிகரெட்டை விட்டாச்சு. இனிமே கையால தொட மாட்டேன். இது ஆம்பளை பேச்சு!"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். குழந்தைக்கு முகம் துடைக்கப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். எப்போ, எப்படி, நம்பலாமா, சத்தியம் பண்ணுங்க என்று கேட்பாள் என நினைத்து ஏழெட்டுப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தான். எல்லாம் வீண்.

விடக் கூடாது என்று அவனுக்கு வைராக்கியம் ஒன்றும் இல்லை. விடத்தான் போகிறான், நாளைக்கு. அந்த நாளை பத்து வருஷமாக வந்துகொண்டிருந்தது. முன்பு ஒரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து நர்சம்மா ஒருத்தர் கட்டடத்துக்கே வந்து, கறுத்துப்போன நுரையீரல் படத்தை விரித்துக் காட்டி ஒரு மணி நேரம் பேசினார். உச்சாணிக்கு மனசு கலங்கிவிட்டது. அந்தக் கலக்கம் தீர அடுத்தடுத்து இரண்டு பிடிக்க வேண்டியதாயிற்று.

அதனால் இப்போதைக்குப் பொய்யே போதும் என்று முடிவு கட்டினான். திட்டம் சுலபம். பெயிண்ட் கழுவுகிற தின்னர் வாசனைக்கு முன்னால் சிகரெட் வாசனை எம்மாத்திரம்? சாயங்காலம் கை காலைத் தின்னரில் கழுவி, வாயில் ஒரு புதினா மிட்டாயைப் போட்டுக்கொண்டால் மோப்ப நாய்கூட அவனைக் கும்பிட்டுப் போகும். பிடிப்பதற்கு இடமும் பார்த்தாயிற்று. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். கயிற்று முடிச்சு சரி பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

முதல் நாள் திட்டம் அட்சரம் பிசகாமல் நடந்தது. மூன்று சிகரெட். ஒரு மிட்டாய். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். மனைவி எதிரில் வந்து நின்று முகத்தை உற்றுப் பார்த்தாள். அவன் மிட்டாயை நாக்கால் மறு கன்னத்துக்குத் தள்ளினான். அவளோ துண்டின் நுனியில் ஒரு சொட்டு எண்ணெயைத் தொட்டு, "ஆடாம இருங்க" என்று அவன் உதட்டைப் பதமாகத் துடைத்துவிட்டாள்.

உச்சாணி சொக்கிப்போனான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இப்படி ஒரு நாள் உண்டா? வெயிலில் காய்ந்த உதடு என்று பார்த்து எண்ணெய் போடுகிறாளே! பொய்க்கே இவ்வளவு அன்பா? முன்னமே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கஷ்டமா இருந்துச்சா?"

"எது?"

"அதான், விட்டது."

"ம்... மத்தியானம் கொஞ்சம்."

"சாப்பிட்டதுமா?"

"ஆமா."

"அப்ப சாப்பிட்டதும் எனக்கு ஒரு போன் போடுங்க. பேசிட்டிருந்தா தெரியாது."

மறுநாளிலிருந்து சாப்பாட்டு டப்பாவை மூடியதும் போன் போட வேண்டியதாயிற்று. பெரிய விஷயம் ஒன்றும் பேசமாட்டாள். குழாயில் தண்ணி வந்துச்சு, உங்க பொண்ணு செருப்பை வாளியில போட்டுட்டா, இந்தச் சட்டைக்குப் பித்தான் தைக்கவா, இப்படி. கடைசியில் போனைக் குழந்தை காதில் வைப்பாள். "அப்பா பேசறாரு பாரு" என்றதும் அந்தப் பக்கம் "லொக், லொக், லொக்" என்று கேட்கும். அதைக் கேட்டுவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் போவது அவ்வளவு சுகமாக இல்லை. ஆனாலும் போனான்.

மனைவி வீட்டிலிருந்தபடியே பனியன்களில் நூல் பிசிறு வெட்டித் தருகிற வேலை செய்தாள். அந்த வரிசையில் வீட்டுக்கு வீடு அதுதான் வேலை. மூட்டை ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போகும். மூட்டையோடு சேதியும் போகும். மூன்றே நாளில், உச்சாணி சிகரெட்டை விட்டுவிட்டான் என்பது நாலு தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

அவனுக்கு அது பெட்டிக்கடையில்தான் தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு குடு."

கடைக்கார அக்கா சிகரெட் பெட்டிப் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. "என்ன ஒண்ணு?"

"...மிட்டாய்தான்."

"அதானே! விட்டுட்டியாமே? உன் பொண்டாட்டி முகத்துல என்ன பெருமை தெரியுமா?" மிட்டாய் ஜாடியைத் திறந்தாள். "எங்க வீட்டுக்காரர் இந்தக் கடையில இருந்துதான் எடுத்துக் குடிப்பாரு. அவரா விட்டுடுவாருன்னு நானும் இருந்துட்டேன். ஒரு நாள்கூட உக்காந்து பேசல. இப்ப பேசணும்னா படத்துக்கிட்டதான் பேசணும். நீ நல்லா இருப்பா."

ரெண்டு மிட்டாயாகக் கொடுத்தாள். அவன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று முடிவு செய்து அடுத்த தெருக் கடைக்குப் போனான். அங்கேயும் ஒரு பனியன் மூட்டை உட்கார்ந்திருந்தது. அதற்கு அடுத்த தெருவுக்கு நடந்தான். வர வர, சிகரெட் பிடிக்கிற நேரத்தைவிட வாங்கப் போகிற நேரம் அதிகமாகிவிட்டது.

இது போதாதென்று ஒட்டடை வேறு.

"அண்ணே, எப்படிண்ணே விட்டீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணே. வீட்டுல அவ மாசமா இருக்கா. வாசனை பட்டாலே குமட்டுதுன்னு என்னை வெளிய படுக்கச் சொல்றா."

ஐந்தாவது மாடி உயரம். தப்பித்து ஓட இடமில்லை. பலகையில் இரண்டு பேர், நடுவில் ஒரு கேள்வி. உச்சாணி சுவரைப் பார்த்தான். கையில் பிரஷ் இருந்தது. தெரிந்ததை எடுத்துவிட்டான்.

"இதோ பார்றா. முதல் கோட் ஈரமா இருக்கும்போது மேல அடிச்சா என்ன ஆகும்?"

"உரிஞ்சு வரும்."

"ஆசையும் அப்படித்தான். வந்த உடனே அது ஈரமா இருக்கும். அப்ப கை வைக்காத. கால் மணி நேரம் காய விடு. காஞ்சதும் பாரு, அவ்வளவு ஒட்டாது."

"காயற வரைக்கும் என்ன பண்றது?"

"யார்கிட்டயாவது பேசு."

"என்ன பேசறது?"

"எதையாவது பேசு. உனக்கா பேச்சு இல்ல?"

சொல்லிவிட்டு உச்சாணிக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நல்ல யோசனை இத்தனை நாள் எங்கே கிடந்தது? ஊருக்கு உபதேசம் என்றால் அறிவு ஊற்றாகத்தான் பொங்குகிறது.

ஒட்டடை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஒரு நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "நேத்து ஒண்ணு அடிச்சுட்டேண்ணே. எல்லாம் போச்சு."

"என்னடா போச்சு? ஒரு இடத்துல பெயிண்ட் உரிஞ்சா முழுச் சுவரையுமா சுரண்டுவ? அந்த இடத்தை மட்டும் தேச்சு மறுபடி அடி."

ஒட்டடையின் கண் கலங்கிவிட்டது. "நீங்க தெய்வம்ணே." தெய்வம் பத்து நிமிஷம் கழித்துக் கயிற்று முடிச்சைச் சரி பார்க்கப் போயிற்று.

இப்படியே மூன்று வாரம். தினமும் சாயங்காலம் துண்டு, எண்ணெய், "ஆடாம இருங்க." தினமும் மத்தியானம் "லொக், லொக்." தினமும் பலகையில் உபதேசம். ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு நடப்பது பெயிண்ட் டின்னைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதைவிடக் கனமாக இருந்தது.

அப்புறம் ஒரு காலை. பெயிண்ட் கலக்கி முடித்துவிட்டு, அன்றைய முதல் சிகரெட்டோடு தொட்டிக்குப் பின்னால் நின்றான். சிகரெட் இடது கை விரலிடுக்கில். தீக்குச்சி வலது கையில். உரசப் போகும்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம்.

"அண்ணே! எங்கண்ணே இருக்கீங்க?"

உச்சாணி மூச்சை அடக்கினான்.

"அண்ணே, வாங்கண்ணே. ஈரமா இருக்குண்ணே. இப்ப பேசலைன்னா கடைக்கு ஓடிடுவேன்."

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. மூச்சிரைக்க ஏழு மாடி ஏறி வந்திருக்கிறான். கீழே இறங்கினால் கடை. மேலே ஏறினால் உச்சாணி. ஏறி வந்திருக்கிறான்.

உச்சாணி கையில் இருந்ததைப் பார்த்தான். பக்கத்தில் சுவர் விரிசலை அடைக்கிற பசை, புட்டி, இருந்தது. அந்தப் புட்டி டின்னுக்குள், ஈரப் புட்டியில் விரல் ஆழத்துக்கு அதைக் குத்திப் புதைத்தான். வெளியே வந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே. பேசுங்க."

"என்ன பேசறது?"

"எதையாவது."

இரண்டு பேரும் தொட்டி நிழலில் உட்கார்ந்தார்கள். ஒட்டடை தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொன்னான். உச்சாணி அதை எப்படி அடைக்கலாம் என்றான். பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று பேச்சு வந்தது. எதுவாக இருந்தாலும் உன்னை மாதிரி நீளமாகப் பிறந்தால் தொட்டிலில் கால் இடிக்கும் என்றான் உச்சாணி. ஒட்டடை சிரித்தான். மேஸ்திரியின் வண்டி இன்னும் மஞ்சளாகத்தான் ஓடுகிறது என்றான். அதற்கு இரண்டு பேருமே சிரித்தார்கள். அப்படி ஒன்றும் பெரிய பேச்சில்லை. எழுதி வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் கால் மணி நேரம் போய்விட்டது.

"காஞ்சிடுச்சுண்ணே" என்று ஒட்டடை எழுந்தான்.

உச்சாணிக்கும் காய்ந்திருந்தது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அன்று அவன் பிடிக்கவில்லை. மத்தியானம் வேண்டும் போல வந்தபோது போனில் கூடுதலாகக் கால் மணி நேரம் பேசினான். "என்னங்க, இன்னிக்குப் பேச்சு நீளுது?" என்றாள் மனைவி. சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, உதட்டைக் காட்டினான்.

அவள் வந்து உற்றுப் பார்த்தாள். துண்டை எடுத்தாள். மறுபடி பார்த்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாளும் துடைக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உச்சாணிக்குத் தாங்கவில்லை. பொய் சொன்ன காலத்தில் ராஜ உபசாரம், நிஜமாக விட்ட பிறகு ஏன் என்று கேட்க நாதியில்லையா? இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அந்த வேதனையிலேயே தடுமாறி ஒன்று பிடித்துவிட்டான். அன்று சாயங்காலம் பார்த்தால், துண்டு வந்தது, எண்ணெய் வந்தது, "ஆடாம இருங்க" வந்தது. அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுநாள் அந்த ஒரு இடத்தைத் தேய்த்து மறுபடி அடித்தான். துண்டு மறுபடி தோளுக்குப் போய்விட்டது.

ஒரு மாதம் ஆயிற்று. பலகை ஆடுவது நின்றது. மேஸ்திரி கேட் பேச்சை எடுப்பதில்லை. ஒட்டடை வீட்டுக்குள் படுக்கிறான். உச்சாணி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஒரு சாயங்காலம் கேட்டே விட்டான்.

"இப்பல்லாம் என் மேல உனக்கு அக்கறையே இல்ல."

"ஏங்க?"

"முன்ன தினமும் உதட்டைத் தொடைச்சு விடுவ. இப்ப திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "பாத்துட்டுத்தாங்க இருக்கேன். துடைக்க என்ன இருக்கு?"

"அப்ப முன்ன என்ன இருந்துச்சு?"

"பெயிண்ட்."

"பெயிண்ட்டா?"

"ஆமா. பெயிண்ட் கையோட சிகரெட்டைப் பிடிப்பீங்க. கையில இருந்து சிகரெட்டுக்கு, சிகரெட்டுல இருந்து உதட்டுக்கு. கையைத் தின்னர் ஊத்திக் கழுவுவீங்க. உதட்டை யாரு தின்னர்ல கழுவுவா?" கொடியில் கிடந்த துண்டை இழுத்து நுனியைக் காட்டினாள். மஞ்சள், நீலம், சாம்பல், இளம்பச்சை என்று வரிசையாகப் புள்ளிகள். மூன்று வாரத்தில் அவன் அடித்த கட்டடங்கள் அத்தனையும் அந்தத் துண்டில் இருந்தன.

உச்சாணி துண்டைப் புரட்டிப் பார்த்தான். "அது... தெறிச்சிருக்கும்."

"நெத்தியில தெறிக்கும், காதுல தெறிக்கும். தினமும் உதட்டுக்கு நட்டநடுவுலேயா வந்து தெறிக்கும்?"

"முதல் நாளே தெரியுமா?"

"முதல் நாளே."

"அப்புறம் எதுக்கு விட்டுட்டேன்னு நாலு தெருவுக்குச் சொன்ன?"

"நீங்க சொன்னதைத்தானே சொன்னேன்? ஆம்பளை பேச்சுன்னீங்களே."

"ஒட்டடையை மொட்டை மாடிக்கு அனுப்பினதும் நீதானா?"

"எப்ப?" என்றாள். நிஜமாகவே தெரியாத முகம். அவன் புட்டி டின் கதையைச் சொன்னான். கேட்டுவிட்டுக் கத்தரியை மறுபடி கையில் எடுத்தாள். "அது நான் இல்லங்க. நாலு பேர் பேச ஆரம்பிச்சா யாராவது ஒருத்தர் பேச்சு உள்ள இறங்கும்னு தெரியும். யாருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்டயே நேரா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சிகரெட்டை விட்டிருக்க மாட்டீங்க. உதட்டைத் தொடைச்சிட்டு வந்திருப்பீங்க."

 அது உண்மை.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். "பூனை எப்படி? மியாவ். காக்கா எப்படி? கா. அப்பா எப்படி?" குழந்தை இடுப்பில் கையை ஊன்றியது. யோசித்தது. பிறகு இடுப்பிலிருந்த கையை எடுத்து, மேலும் கீழுமாக, மேலும் கீழுமாக, காற்றில் சுவர் அடித்துக் காட்டியது. உச்சாணி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். கண்ணில் ஏதோ தூசி.

எல்லாம் சரிதான். ஆனால் அந்தத் துண்டு, அந்த எண்ணெய், அந்த "ஆடாம இருங்க"? அது போனது போனதுதானா? மறுநாள் வேலை முடிந்ததும் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. பிரஷ்ஷின் நுனியில் துளி நீலத்தைத் தொட்டு உதட்டின் நட்டநடுவில் வைத்துக்கொண்டான். தொழில்காரன் கை, பிசகவில்லை. வீட்டுக்கு வந்து முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவள் வந்தாள். குனிந்து உற்றுப் பார்த்தாள். துண்டை எடுத்தாள். உச்சாணி கண்ணை மூடிக்கொண்டான்.

துண்டு அவன் மடியில் வந்து விழுந்தது.

"சிகரெட்டு இவ்வளவு வட்டமா வைக்காதுங்க. நீங்களே தொடைச்சிக்குங்க."